ஸ்டால்

பொழிச்சலூரில் நாங்கள்
வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தப் பழகியவர்கள்.
"அந்தக் குழம்பைக் கொஞ்சம்"
விமானம் கடக்கும்.
கரண்டி அந்தரத்தில் நிற்கும்.
"இறக்கி வை."
யாரும் கத்துவதில்லை.
வெளியூர்ச் சொந்தங்கள்தான் கத்துவார்கள்,
தொண்டை கட்டி ஊர் திரும்புவார்கள்.

அக்காவின் கல்யாணக் கடன்
அப்பாவின் சர்க்கரை
என் கணக்கு மார்க்
எல்லாமே நடுவில் ஒரு பள்ளத்தோடுதான்
எங்கள் வீட்டில் பேசப்பட்டன.
பள்ளத்தைத் தாண்டி
விட்ட இடத்தில் தொடங்குவோம்.
ஒரு சொல்லும் தொலைந்ததில்லை.

விருப்பப் பட்டியலை உறுதிசெய்யக் கடைசி நாள்.
மொட்டை மாடியில் துணி எடுத்தபடி கேட்டேன்:
"ஏரோ போடட்டுமாப்பா?"
அவர் வாயைத் திறந்தார்.
சக்கரங்களை இறக்கிக்கொண்டு
ஆறு நாற்பது வந்தது.

வேணாம் என்றால் உதடு மூடி முடியும்.
போடும்மா என்றால் திறந்து முடியும்.
முடிகிற அந்த நொடியில்
கொடியில் கிடந்த பச்சைத் துண்டு
எங்களுக்கு நடுவே படபடத்தது.

சத்தம் போனது.
அவர் திரும்பச் சொல்லவில்லை.
நான் திரும்பக் கேட்கவில்லை.
கீழே இறங்கிப் போய்
பட்டனை அமுக்கினேன்.

திரிசூலம் ஸ்டேஷன் படிக்கட்டோரம்
எஸ்தர் டிபன் ஸ்டால், அம்மாவுடையது.
காலை நாலு மணிக்கு அடுப்பு.
பெட்டி தூக்குகிறவர்கள், துடைப்பக் கட்டோடு பெண்கள்,
தூக்கம் வழியும் டாக்ஸிக்காரர்கள்.
"பொண்ணு ஏர்ஹோஸ்டஸுக்காக்கா படிக்குது?"
"இல்லப்பா, ஏரோநாட்டிகல்."
"அதான், எந்த ஏர்லைன்ஸு?"
அம்மா இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுவாள்.

இரண்டாம் வருடம்
போர்டில் ஒரு இறக்கை வரைந்து
மூக்கை அளவுக்கு மேல் உயர்த்தினால்
காற்று முதுகை விட்டுப் பிரிந்துவிடும்,
தூக்குவது நின்றுபோகும்,
அதற்குப் பெயர் ஸ்டால் என்றார் சார்.
"பெலிசியா, என்ன சிரிப்பு?"
ஒன்றுமில்லை சார்.
எங்கள் வீட்டைத்
தூக்கிப் பிடித்திருப்பதற்கும் அதே பெயர்.

முப்பத்தாறு பையன்கள், மூன்று பெண்கள்.
காற்றுச் சுரங்க லேபில்
மாதிரி இறக்கை மேல் நூல் ஒட்டும் வேலை
சொல்லாமலே எங்களிடம் வந்தது.
"பூ கட்டுற கைதானே" என்றான் ஒருவன்.
கட்டியதில்லை. வடைக்கு மாவு தட்டிய கை.
விரல்நீளக் கம்பளி நூல், துளி டேப்,
வரிசைக்கு எட்டாக நூற்றுச் சொச்சம்.

மின்விசிறி இரைந்தது.
நூல்கள் எண்ணெய் வைத்து வாரிய தலைபோல்
படிந்து கிடந்தன.
பத்து டிகிரி. பன்னிரண்டு.
பதினாலில்
பின்விளிம்பில் ஒரு நூல் எழுந்தது,
சற்று யோசித்தது,
திரும்பி வந்த வழியே பார்த்தது.
"ஏழாவது வரிசை, மூன்றாவது" என்றேன்.
எல்லோரும் முழு இறக்கையும் நடுங்கும்போதுதான் பார்த்தார்கள்.
ஒட்டியவளுக்கு முதல் நூலைத் தெரியும்.

அன்று இரவு மாடிக்குப் போய் நின்றேன்.
காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது,
துண்டு எந்தப் பக்கம் எழுந்தது,
எவ்வளவு நேரம் மறைத்தது,
கணக்குப் போட முடியுமா என்று.
முடியும்.
போடவில்லை.

இப்போது ஹேங்கரில் இரவுப் பணி, பயிற்சிதான்.
சிவப்புச் சாயம் தடவித் துடைத்து
உலோகத்தில் மயிரளவு விரிசல் தேடுகிறேன்.
விடிந்ததும் நேரே ஸ்டாலுக்கு.
உள்ளங்கைச் சிவப்பைப் பார்த்து
மருதாணியா என்கிறார்கள்.

அப்பா தண்ணீர்க் குடம் இறக்கிவைத்து
என்னை நிமிர்ந்து பார்க்கிறார்.
"பாப்பா, உன்கிட்ட அன்னைக்கு"
மேலே ஒன்று ஏறுகிறது, வயிறு தெரிய.
இட்லித் தட்டோடு நிற்கிறேன்.
நாலு வருடமாக ஒரே ஒரு வாக்கியம்
இறங்க இடம் கிடைக்காமல்
சுற்றிக்கொண்டிருக்கிறது.
அவர் உதட்டைப் பார்க்காமல்
சக்கரம் மடங்குவதைப் பார்க்கிறேன்.

"கேஸ் புக் பண்ணச் சொன்னேனே,
பண்ணியா?"